பல்லடத்தில் நான் கழுவிய தொட்டி

கோழி எச்சம் பார்ப்பதற்காகக் கடல் தாண்டிய ஆள் எங்கள் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன். தோட்டத்துப் பால் சங்கத்தின் சேகரிப்பு நிலையத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் என்பதால், சங்கத்தில் எதை எழுத வேண்டுமென்றாலும் அது என் மேசைக்குத்தான் வரும். சாணத்திலிருந்து சமையல் எரிவாயு எடுக்கும் கலன் ஒன்றை லயத்துக்குப் பக்கத்தில் அமைக்க வேண்டுமென்று சங்கத்துக்கு நீண்ட நாள் ஆசை. அது வந்தால் பெண்கள் விறகுக்காக அட்டை கடிக்கும் காட்டுக்குள் போகவேண்டியதில்லை. அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். பல்லடம் பக்கத்தில் ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில் எட்டு நாள் தங்கிப் பழகிவர ஏற்பாடாயிற்று. "நீதான் படிச்சவன், போய்ப் பார்த்து எழுதிக்கிட்டு வா" என்று அனுப்பிவைத்தார்கள்.

கோவை காந்திபுரத்தில் ஏறிய தனியார் பேருந்தில் பாட்டுச் சத்தத்துக்கு ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எங்கள் ஊர் பஸ்ஸிலும் பாட்டு உண்டு. ஆனால் எங்கள் நடத்துனர்கள் ஆட்களை மூட்டையைப் போலத் தள்ளுவார்கள். இங்கே தள்ளுவதற்கும் மரியாதை சேர்த்துக்கொள்கிறார்கள். "ஏனுங்க, படியில நிக்காதீங்க. உழுந்துபோட்டீங்கன்னா நானுங்க வந்து எடுக்கோணும்" என்றார் நடத்துனர். விழுந்தாலும் இவர் மரியாதையாகத்தான் எடுப்பார் என்று தோன்றியது.

வழியில் நீளமான ஒரு கொட்டகையைப் பார்த்ததும் இதுதான் பண்ணை என்று நானாக முடிவு செய்து இறங்கிவிட்டேன். அது விசைத்தறிக் கூடம். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரிடம் கோழிப் பண்ணை எங்கே என்று கேட்டேன்.

"கோழிங்களா? இங்க தறிதானுங்க கத்தும்" என்றவர், சாலையின் கிழக்கே கை காட்டினார். "இப்படியே நேரா நடங்க. மூக்கு சொல்லும்."

மூக்கு சொல்லியது. சித்திரை வெயிலில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்த பிறகு காற்று திரும்பி, அழுகிய முட்டையும் சுண்ணாம்பும் கலந்தாற்போல ஒரு நெடி கண்ணைக் குத்தியது. எங்கள் மலையில் ஏப்ரலில் மாலையானால் போர்வை வேண்டும். இங்கே சட்டை எப்போது நனைந்தது, எப்போது காய்ந்தது என்றே தெரியவில்லை.

பண்ணைக் கதவைத் திறந்தவர் சரஸ்வதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் சரசக்கா. எரிவாயுக் கலனைப் பார்த்துக்கொள்வது இவர்தான். "வா கண்ணு, வெயில்ல வத்தலாயிப்போட்டியே" என்று முதல் வார்த்தையிலேயே என்னைத் தம்பியாக்கிக்கொண்டார்.

கலனைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான சிமெண்டுத் தொட்டி ஒன்று. அதில் கோழி எச்சத்தையும் தண்ணீரையும் கலக்குகிறார்கள். அங்கிருந்து ஒரு குழாய் மண்ணுக்குள் புதைந்த பெரிய கலனுக்குப் போகிறது. மண்ணுக்கு மேலே தெரிவது ஆமை ஓடு போன்ற முதுகு மட்டும். அதன் உச்சியிலிருந்து புறப்படும் இன்னொரு குழாய் பண்ணைத் தொழிலாளர்களின் பதினோரு வீட்டு அடுப்புகளுக்குப் போகிறது. சரசக்கா அந்தக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். "நல்லா இருக்குது" என்றார், டாக்டரைப் போல. பிறகு தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது.

"கோழிப் பீயில காப்பி. குடி, வாசமெல்லாம் வராது."

உண்மையில் வரவில்லை. சொன்னேன்.

"வந்தாலும் எனக்கெங்க தெரியப் போகுது? என்ற மூக்கு செத்து ஏழு வருசமாச்சு."

பதினொரு வருடம் கோழிக் கொட்டகைக்குள் முட்டை பொறுக்கியிருக்கிறார். எச்சத்திலிருந்து கிளம்பும் நெடி முதலில் மூக்கை எடுத்துக்கொண்டது, பிறகு நெஞ்சைப் பிடித்தது. இரண்டு முறை மயங்கி விழுந்த பிறகு, இனிமேல் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அந்தச் சமயத்தில்தான் முதலாளி இந்தக் கலனைக் கட்டினார். திறந்த வெளியில் வேலை என்பதால் சரசக்கா இதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குப்பி இடுப்பில் எப்போதும் செருகியிருந்தது.

மறுநாள் காலை சந்தகை செய்தார். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும். இங்கே தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றி இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். இனிப்பு இடியப்பமா என்று தயங்கியவன் நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டேன். "ஹட்டன்ல அரிசிக்குப் பஞ்சமா கண்ணு?" என்று கேட்டார்.

பிறகு வேலை. சுரண்டிவந்த எச்சத்தைத் தொட்டியில் கொட்டி, அதே அளவு தண்ணீர் விட்டு, மூங்கில் கழியால் கூழாகக் கலக்க வேண்டும். இறகுகளைக் கையாலேயே பொறுக்கி எடுக்க வேண்டும். போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். "கைக்கொழந்தைக்குச் சோறு ஊட்டறாப்புல. ஜாஸ்தி போட்டா வவுறு ஊதிக்கும். ஒரு நாளு உட்டா கோவிச்சுக்கும்" என்றார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருப்பதாகவும், அவை தின்று விடும் மூச்சுதான் அடுப்பில் எரிவதாகவும் அவர் சொன்ன விதத்தில் ஒரு பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. கலனைக் கட்டியவர்கள் கொடுத்த தமிழ்க் கையேடு ஒன்றையும் தந்தார். ஊருக்குப் போய் நிதானமாகப் படிக்கலாம் என்று பையின் அடியில் வைத்தேன்.

பத்து மணி வாக்கில் முதலாளி வேணுகோபால் வந்தார். வெள்ளைச் சட்டை, கைப்பேசியில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். "தம்பிங்களா! சிலோனுங்களா! சாப்பாடு ஆச்சுங்களா? ஒறம்பரையாட்ட இருங்க, கூச்சப்படாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒறம்பரை என்றால் விருந்தாளி என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிறகு கலனின் முதுகைப் பார்த்தபடி சரசக்காவிடம் கேட்டார்.

"எப்டிப் போகுது சரசு?"

"நல்லாப் போகுதுங்க."

"போற வரைக்கும் போகட்டும். நின்னுபோச்சுன்னா சொல்லு, குழிய மூடிப்போட்டு மூணாவது ஷெட்ட இழுத்துக்கலாம். எடம் தோதா இருக்குது. எம்பையன் தெனமும் இதத்தானுங்க தம்பி அரிக்கறான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சரசக்காவும் சிரித்தார்.

அவர் போன பிறகு சிரிப்பு இல்லை. "சிரிச்சுக்கிட்டே சொல்றாருன்னு நெனைக்காதே. சொன்னா செஞ்சுபோடுவாரு."

"மூடினா உங்களுக்கு?"

"திருப்பி ஷெட்டுக்குள்ள. வேறென்ன வேலை இருக்குது இங்க? வேலய உட்டா ஊடும் போயிரும். ஊட்டுக்காரரு லாரி ஓட்டப் போனா மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. வந்து நிக்க ஒரு வாசல் வேணுமல்லோ."

அன்று மாலை மருந்துக் குப்பி தீர்ந்துவிட்டதென்று பல்லடத்துக்குக் கிளம்பினார். "பொழுதோட வந்தர்றேன். நீ சும்மா உக்காந்திரு கண்ணு."

சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக அவர் கையால் உண்டுகொண்டிருக்கிறேன். ஏதாவது செய்ய வேண்டும். தொட்டியைப் பார்த்தேன். சுவரில் விரல் கனத்துக்குப் பாசியும் கசடும். என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். பால் நிலையத்தில் கடைசிப் பாத்திரம் இறங்கியதும், ஒவ்வொரு கலத்தையும் ஒவ்வொரு குழாயையும் குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் நாங்கள் வீட்டுக்குப் போவோம். ஓர் இடுக்கு விட்டுப்போனால் மறுநாள் பால் முழுவதும் திரிந்துவிடும். ஆறு வருடமாக என் கை அதைத்தான் செய்கிறது. அந்தக் கைக்கு அழுக்குத் தொட்டி என்றால் ஒரே பொருள்தான்.

கொட்டகை வாசலில் பிளீச்சிங் பவுடர் மூட்டை இருந்தது. பக்கத்தில் பினாயில் கேன். முக்கால் மூட்டையைக் கரைத்துத் தொட்டியைத் தேய்த்தேன். குழாய்க்குள் பினாயிலை ஊற்றி, நீளக் கழியில் துணி சுற்றித் துழாவினேன். நிறையத் தண்ணீர் விட்டு அத்தனையையும் உள்ளே தள்ளினேன். சிமெண்டு வெள்ளை வெளேரென்று ஆயிற்று. அந்த வழியாக வந்த வேணுகோபால் நின்று பார்த்து, "படிச்ச பையன் படிச்ச பையன்தானுங்க! இத்தன வருசத்துல இது சிமெண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். எனக்குக் காது வரை சிரிப்பு.

சரசக்கா இருட்டும் நேரத்தில் வந்தார். "அட, கழுவிப்போட்டியா! உன்னய சும்மா இருக்கச் சொன்னா..." என்று செல்லமாகக் கோபித்தார். தண்ணீரில் கழுவியதாக நினைத்துக்கொண்டார். நெடி காட்டிக்கொடுத்திருக்கும், மூக்கு இருந்திருந்தால்.

மூன்றாம் நாள் ஞாயிறு. ரஹீம் பாய் தன் குட்டி லாரியில் என்னைக் கோவை காட்ட அழைத்துப் போனார். உக்கடத்துக்காரர். பண்ணைக்குத் தவிடு கொண்டுவருவார். மற்ற நாட்களில் ஓட்டல்களிலும் பேக்கரிகளிலும் சுட்டுத் தீர்ந்த எண்ணெயைக் கேன் கேனாக வாங்கித் துடியலூர் பக்கம் ஓர் ஆலையில் கொடுப்பார். அங்கே அதை டீசலாக மாற்றுகிறார்களாம்.

"பஜ்ஜி சுட்ட எண்ணெயில லாரி ஓடுதுங்க தம்பி. என்ற வண்டியிலயும் அதக் கலந்துதான் ஊத்தறேன். பின்னாடி வர்றவன் எல்லாம் பசியோடதான் வீட்டுக்குப் போவான்."

சிக்னலில் நின்றபோது உண்மையாகவே வடை வாசம் வந்தது. நகரத்தின் பழைய தெரு ஒன்றில் பிரியாணி வாங்கி, தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தந்தார். எங்கள் ஊர்ப் பிரியாணியைவிடக் காரம் கம்மி, கறி அதிகம். அவருடைய அம்மா என்னைப் பார்த்து, "சிலோன்ல நம்ம தமிழே பேசுவாங்களா?" என்று ஆச்சரியப்பட்டு இன்னொரு கரண்டி வைத்தார். அந்த ஒரு நாள்தான் இந்தப் பயணத்தில் நான் எந்தப் பாரமும் இல்லாமல் இருந்த நாள்.

திரும்பி வந்தபோது சரசக்கா அடுப்பின் முன் குனிந்திருந்தார். தீ நீலமாகத்தான் இருந்தது. ஆனால் பர்னரை விட்டு எழும்பி எழும்பி ஆடியது.

திங்களன்று அது பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. செவ்வாயன்று காலை ஏழாவது தீக்குச்சிக்கும் பற்றவில்லை. குழாயில் காதை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவேயில்லை. கலனின் வெளிவாயில் நுரை கட்டி நின்றது. அதைக் கையில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "புளிச்சுப்போச்சு. உள்ள எல்லாம் செத்துப்போச்சு கண்ணு."

பத்து மணிக்குள் பதினோரு வீட்டு வாசலிலும் கல் கூட்டி அடுப்பு வைத்துவிட்டார்கள். பெண்கள் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதை ஓரத்தில் சீமைக் கருவேல முள்ளை வெட்டிச் சுமந்து வந்தார்கள். புகை தாழ்ந்து பரவியது. ஒரு பெண் ஊதாங்குழலை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அம்மாவும் அப்படித்தான், புறங்கையால்தான், துடைப்பார்.

அப்போதுதான் கையேட்டின் நினைவு வந்தது. மதியம் பையைக் கவிழ்த்து எடுத்தேன். நான்காம் பக்கத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. சோப்பு, பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிக்குள் போகக்கூடாது, போனால் உள்ளே உள்ள நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சரசக்காவுக்கு இது தெரியும். கையேட்டை வாங்கிப் பையில் வைத்த எனக்குத் தெரியாது. 

சொல்லியிருக்க வேண்டும். சரசக்கா வாசலில்தான் இருந்தார். இரண்டு முறை அருகில் போனேன். முதல் முறை வேணுகோபால் அங்கே நின்றிருந்தார். "வெள்ளிக்கெழம ஜேசிபி பக்கத்துத் தோட்டத்துக்கு வருது சரசு. அதுக்குள்ள எரிஞ்சா எரியட்டும். இல்லீன்னா அதோட வேலயா முடிச்சுப்போடலாம்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை சரசக்கா தனியாக இருந்தார். மூச்சு இழுத்தது. குப்பியை வாயில் வைத்திருந்தார். எடுத்ததும், "யாரோ மருந்தக் கலந்துபோட்டாங்க கண்ணு. இந்த எடத்து மேல யாருக்கோ கண்ணு" என்றார். படித்த பையன் என்று ஊரே சொன்ன பிறகு அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். இதை இன்று எழுதும்போதும் கூசுகிறது.

அவர் உடைந்து உட்காரவில்லை. ஆனைமலை பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மாட்டுச் சாணக் கலன் நன்றாக ஓடுவது அவருக்குத் தெரியும். அங்கிருந்து உயிருள்ள கரைசலை ஒரு டேங்க் நிறையக் கொண்டுவந்து ஊற்றினால், தயிருக்கு உறை குத்தியதுபோலப் பிடித்துக்கொள்ளும் என்றார். புதன்கிழமை காலை ரஹீம் பாயின் லாரியில் கறுப்புப் பிளாஸ்டிக் டேங்கைக் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம்.

பொள்ளாச்சி தாண்டி டயர் வெடித்தது. மாற்று டயரில் காற்றில்லை. "இது வண்டியில்லீங்க, எங்க மாமியாரு. தேவப்படற அன்னைக்குத்தான் படுக்கும்" என்று ரஹீம் பாய் டயரை உருட்டிக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரம். இருபுறமும் தென்னை, தேங்காய் மட்டை குவியல்கள், வாய்க்காலில் தண்ணீர். பல்லடத்திலிருந்து வந்த கண்ணுக்கு வேறு நாடுபோல இருந்தது. இதையெல்லாம் ரசிக்கிற நிலையில் நான் இல்லை. சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று மனது அடித்துக்கொண்டிருந்தது. சரசக்கா எனக்கு இளநீர் வெட்டி வாங்கித் தந்தார்.

தோப்பில் டேங்கை நிரப்பினோம். சூட்டில் கெட்டுவிடக்கூடாதென்று ஈரச்சாக்கைப் போர்த்தினார். திரும்பும் வழியில், "பாயி, கோயில்கிட்டச் சித்த நேரம் நிறுத்துங்க" என்றார்.

"சொல்லிப்போட்டு வாங்கம்மா. நான் சாக்குக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு நிக்கறேன்."

மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள் என்பதை அவர் நடந்துகொண்டே சொன்னார். திருடு கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள் எல்லாரும் வருவார்களாம். பூசினால் செய்தவன் உடம்பு எரியும். எரிச்சல் தாங்காமல் தானே வந்து நிற்பான்.

"யாருன்னு தெரியாமலே பூசலாமா அக்கா?"

"எனக்கெதுக்குத் தெரியோணும்? அவளுக்குத் தெரியும்."

அரைக்கும் இடத்தில் காற்றே காரமாக இருந்தது. சிவந்த மிளகாயை நீர் தெளித்து அரைக்கத் தொடங்கினார். இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் நெஞ்சு அடைத்தது. இருமினார். குப்பியை எடுத்து இழுத்தார். மறுபடி அரைக்கக் குனிந்தார், முடியவில்லை. கண்ணில் நீர் கொட்ட, குழவியை என் பக்கம் தள்ளினார்.

"மிச்சத்த நீ அரைச்சுக் குடு கண்ணு. நைசா அரை."

அரைத்தேன். பக்கத்தில் ஒரு பெண் யாரையோ முணுமுணுவென்று திட்டிக்கொண்டே அரைத்துக்கொண்டிருந்தாள். நான் யாரைத் திட்டுவது? வழித்துக் கொடுத்தேன். சரசக்கா வரிசையில் நின்று, கல்லில் பூசி, கண்ணை மூடி ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். எனக்கு விரல் இடுக்கெல்லாம் எரிந்தது.

வெளியே குழாயடியில் கை கழுவும்போது சொன்னேன். "அக்கா, அது நான்தான்."

"எது?"

"தொட்டியக் கழுவினேனே. வெறும் தண்ணியில இல்ல. பிளீச்சிங் பவுடர் போட்டேன். குழாயில பினாயில் ஊத்தினேன். பால் பாத்திரம் கழுவுற மாதிரி... தெரியாமச் செஞ்சுட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"முக்கால் மூட்டை."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"நேத்து மத்தியானம். அந்தப் புத்தகத்துல இருந்துச்சு."

"நேத்து மத்தியானம்" என்று திருப்பிச் சொன்னார். "நேத்தே சொல்லியிருந்தா, பம்ப்பு வெச்சு மொதல்ல எல்லாத்தயும் எறைச்சிருப்பேன். இன்னைக்கு இத ஊத்த எடம் சுத்தமா இருந்திருக்கும். இப்ப அந்த விசத்துல கொண்டுபோயி ஊத்துனா இதுஞ் சாகும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோயில் பக்கம் பார்த்தேன். "நீங்க பூசினத... உள்ள போய்த் திரும்பச் சொல்லலாமா அக்கா? தெரியாமச் செஞ்சவன்னு."

அவரும் திரும்பிப் பார்த்தார். வரிசை தேர் நிற்கும் தேர்முட்டி வரை வந்திருந்தது. உண்மையாகவே யோசித்தார்.

"வரிசை நெம்ப நீளமா இருக்குது. நின்னா டேங்க்குல இருக்கறது சூட்டுல செத்துரும். அது கெடக்கட்டும், ஏறு."

லாரி பல்லடம் நோக்கித் திரும்பியது. ரஹீம் பாய் ஒருமுறை, "என்னங்க, அம்மன் ரெண்டு பேரையும் ஊமையாக்கிட்டாளா?" என்றார். யாரும் சிரிக்காததால் அவரும் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

பண்ணைக்கு வந்ததும் கலனில் இருந்ததை இறைக்கத் தொடங்கினோம். வியாழன் காலையில் பாதிதான் இறங்கியிருந்தது. பம்பு கசடில் சிக்கிச் சிக்கி நின்றது. டேங்கில் இருந்த கரைசலை அப்படியே கலனில் ஊற்றுவதைத் தவிர வழியில்லை. ஊற்றிவிட்டு, பாதி விஷம் உள்ளேயே இருப்பதால் பிடித்தாலும் அடுப்பு எரிய நாற்பது நாளாகும் என்றார் சரசக்கா. நான் வேணுகோபாலின் வீட்டுக்கு நடந்தேன்.

கூடத்தில் உட்காரவைத்து, ஒப்புட்டு என்னும் போளியில் நெய் விட்டுக் கையில் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். சரசக்கா மேல் ஒரு தப்பும் இல்லை, நாற்பது நாள் கொடுங்கள் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உடுங்க தம்பி. நீங்க ஒறம்பரையாட்ட வந்தவங்க. நல்ல மனசுல செஞ்சீங்க. நானே பாத்துப் பாராட்டுனனுங்களே! உங்க மேல ஒரு வருத்தமும் இல்லீங்க."

"அப்ப சரசக்கா..."

"அவுங்க பாத்திருக்கோணுமுங்க. புதுசா வந்த ஆளத் தனியா உட்டுப்போட்டுப் போனது யாரு?"

"மருந்து வாங்கப் போனாங்க. மூச்சு மருந்து."

"அதானுங்க நானும் சொல்றேன், பொறுப்பு வேணுமுங்க. நாப்பது நாள்ல அங்க ஷெட்டு எந்திரிச்சிருமுங்க தம்பி. ஒப்புட்டு ஆறுது, சாப்பிடுங்க."

என் மேல் கோபப்படச் சொல்லிக் கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். "ஊட்டுக்கு வந்தவங்க மேல எப்படிங்க கோவப்படறது?" என்று உண்மையான வருத்தத்துடன் சொன்னார். கையில் வைத்ததைத் தின்னாமல் எழுந்தால் அவமரியாதை. தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஜேசிபி வந்தது. ஆமை ஓடு மூன்றாவது அடியில் உடைந்தது. உள்ளேயிருந்து புளித்த நெடி ஒரு நிமிடம் எழுந்தது, அதன் மேல் மண் விழுந்தது. சரசக்கா அதைப் பார்க்க நிற்கவில்லை. முகத்தில் ஈரத் துணியைச் சுற்றி, குப்பியை இடுப்பில் செருகி, முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க ஊருல இத வெக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா."

"வெய்யி. உங்கம்மா வெறகுக்குப் போறாங்கன்னியே. ஆனா நீ கிட்டப் போகாதே." துணிக்கு மேலே தெரிந்த கண்ணில் கோபமா கேலியா, எனக்குத் தெரியவில்லை.

பாதி அட்டைகளை வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் கொட்டகைக்குள் போனேன். ஆயிரக்கணக்கான தலைகள் கம்பிகளுக்கு வெளியே நீண்டு ஒரே சமயத்தில் திரும்பின. முதல் வரிசையில் கண் கலங்கியது. இரண்டாவதில் தொண்டை மூடியது. மூன்றாவது வரிசையின் நடுவில் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். சரசக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நான்காம் வரிசைக்குப் போயிருந்தார்.

எப்போது வெளியே வருவார் என்று வாசலில் நின்ற மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்குங்க."

ஊர் திரும்ப நான் பிடிக்கவேண்டிய பேருந்து பதினொன்றேகாலுக்கு. உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. கோழிகளின் இரைச்சலில் அது அவருடையதுதானா என்று காதைக் கொடுத்து நின்றேன். என்னை ஏற்றிவிட வந்திருந்த ரஹீம் பாய் சாலையில் இரண்டு முறை ஹார்ன் அடித்தார்.